மலையகத்தில் ஆப்பிரிக்கத் துலிப் மரத்தை இனங்காணுதல்: முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலையகத்தில், ஓடைக் கரையிலும் கைவிடப்பட்ட தேயிலை மலைகளிலும் பாதையோரச் சரிவுகளிலும் செம்மஞ்சள் பூக்களோடு உயர்ந்து நிற்கும் ஆப்பிரிக்கத் துலிப் மரத்தை ஐயமின்றி இனங்காண்பதற்கான வழிகாட்டி இது. தாவரவியலில் இதன் பெயர் ஸ்பதோடியா கம்பனுலாட்டா. சிங்களத்தில் கூடெல்ல என்பார்கள். அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட இம்மரம், உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் (வெளியிலிருந்து வந்து பரவி, உள்ளூர் உயிரினங்களை நெருக்கும் இனங்கள்) என்று சர்வதேச அளவில் தொகுக்கப்பட்ட பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

இதைத் தேடிப் போகும் புதியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பூவிலிருந்து தொடங்குகிறார்கள். பிழையும் அங்கேயே தொடங்குகிறது. மலையகத்தில் சிவப்பாகவும் செம்மஞ்சளாகவும் பூக்கும் மரங்கள் பல. அவற்றுள் இந்த மண்ணுக்கே உரிய, காப்பாற்ற வேண்டிய மரமும் இருக்கிறது. பூ உதிர்ந்த காலத்திலோ, இன்னும் பூக்காத இளமரத்திலோ நிறம் எந்த உதவியும் செய்யாது. ஆகவே இலை முதலில், மொட்டு அடுத்தது, பூ அதற்குப் பிறகு. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் சில மரங்களை விலக்கிவிடுவதால், அடுத்த படியில் குழப்பம் குறைகிறது.

1. கையில் இருக்க வேண்டியவை

கைப்பேசி, அடிக்கோல், பழைய செய்தித்தாள், பென்சில், குறிப்புப் புத்தகம், நுனியில் கொக்கி கட்டிய நீண்ட தடி. இருந்தால் ஒரு தொலைநோக்கி. சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி ஐந்தாம் படியில் உதவும்.

அடிக்கோலை மறந்து வருகிறவர்கள் அதிகம். படத்தில் அளவு தெரியாவிட்டால் பத்து சென்ரிமீற்றர்ப் பூவும் மூன்று சென்ரிமீற்றர்ப் பூவும் ஒன்றுபோலவே தோன்றும். பின்னர் யாரிடம் காட்டினாலும் அவரால் உறுதியாகச் சொல்ல முடியாது.

செய்தித்தாள், கிளையை அழுத்தி உலர்த்துவதற்கு. பொலித்தீன் பையில் அடைத்துவைத்த இலை ஈரத்தில் கறுத்துச் சிற்றிலைகள் கழன்றுவிடும். சிற்றிலை கழன்ற மாதிரியில் நமக்குத் தேவையான அடையாளமே போய்விடும்.

ஈரலிப்பான சரிவுகளில் இரத்தம் உறிஞ்சும் அட்டை இருக்கும். நீண்ட காலுறையும் கொஞ்சம் உப்பும் எடுத்துச் செல்லுங்கள்.

2. மரத்தடிக்குப் போகும் முன்

முதலில் தூரத்தில் நின்று மேலே பாருங்கள். குளவிக் கூடு இருக்கிறதா? தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் குளவி கொட்டி உயிரிழந்த செய்திகள் நமக்குப் புதியவை அல்ல. கூடு தென்பட்டால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். கிளையைக் கொக்கியால் இழுப்பதும் கல் எறிவதும் அங்கே எக்காரணத்துக்காகவும் கூடாது.

இரண்டாவதாகக் காற்றைக் கவனியுங்கள். இம்மரத்தின் கட்டை மென்மையானது. பெரிய கிளைகூடக் காற்றில் எளிதாக முறியும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவக்காற்று வீசும் நாட்களில் இதன் கீழே நின்று இலை எண்ண வேண்டாம். ஏறிக் கிளை ஒடிக்கவும் வேண்டாம். கீழே விழுந்து கிடக்கும் புதிய கிளையே பெரும்பாலும் போதுமானது.

ஆனால் விழுந்து கிடப்பது எந்த மரத்துடையது என்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். காடு மண்டிய பள்ளங்களில் மூன்று நான்கு மரங்களின் கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருக்கும். ஒரு மரத்தின் இலையையும் இன்னொரு மரத்தின் பூவையும் சேர்த்து வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு மரத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளையில் ஒட்டியிருக்கும் இலையும் அதே கிளையில் இருக்கும் மொட்டுமே சாட்சி.

3. இலை எது, சிற்றிலை எது

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். புதியவர்கள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான்.

ஆப்பிரிக்கத் துலிப் மரத்தின் இலை கூட்டிலை. ஒரு நடுக்காம்பின் இரு பக்கமும் சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். நுனியில் ஒற்றையாக ஒன்று நிற்கும். இந்த முழு அமைப்பும் சேர்ந்ததுதான் ஓர் இலை. நன்கு வளர்ந்த இலை அரை மீற்றர் நீளம் வரை போகும். அதைப் பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சிறு கிளையாகவும், சிற்றிலைகள் தனித்தனி இலைகளாகவும் தோன்றிவிடுகின்றன.

வேறுபடுத்திக் காணும் வழி எளிது. இலை கிளையோடு சேரும் மூலையில், காம்புக்கு மேல்பக்கமாக, ஒரு சிறு குருத்து மொட்டு இருக்கும். சிற்றிலை நடுக்காம்போடு சேரும் இடத்தில் அப்படி எதுவும் இராது. ஆகவே ஒரு சிற்றிலையைப் பிடித்துக்கொண்டு, குருத்து மொட்டு தென்படும் வரை பின்னோக்கிப் போங்கள். மொட்டு இருக்கும் இடத்தில்தான் இலை தொடங்குகிறது.

இந்தப் படியைத் தாண்டி ஓடுகிறவர்கள் அடுத்த படியில் கட்டாயம் பிழை விடுவார்கள்.

4. எதிரிலையா, மாற்றிலையா

இப்போது முழு இலைகள் கிளையில் எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒரே கணுவில், அதாவது கிளையில் இலை பிறக்கும் இடத்தில், இரண்டு இலைகள் நேருக்கு நேர் நின்றால் எதிரிலை. கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி நின்றால் மாற்றிலை. ஆப்பிரிக்கத் துலிப்பின் இலைகள் எதிரெதிராக நிற்கும்; சில வேளைகளில் ஒரே கணுவில் மூன்று வருவதும் உண்டு.

“சேர், இலை எதிரெதிராகத்தானே இருக்கிறது” என்று மாணவர்கள் நடுக்காம்பிலுள்ள சிற்றிலைகளைக் காட்டிக் கேட்பார்கள். சிற்றிலைகள் எதிரெதிராக நிற்கும் மரங்கள் ஏராளம். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கிளையை, கணுவைப் பார்க்க வேண்டும்.

இலை உதிர்ந்திருந்தாலும் கவலையில்லை. காம்பு விழுந்த இடத்தில் தழும்பு இருக்கும். தழும்புகள் சோடி சோடியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு கணுவை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் அடுத்தடுத்துள்ள சில கணுக்களையும் பாருங்கள், ஏனெனில் சோடியில் ஒரு இலை முன்பே உதிர்ந்துபோயிருந்தால் மாற்றிலை போலத் தோன்றும்.

இந்தப் படிக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. பெருமரங்களில், எதிரெதிராக நிற்கும் இறகு வடிவக் கூட்டிலை அடிக்கடி காணக்கூடியதல்ல. சவுக்கு என்று தோட்டங்களில் பலர் சொல்லும் கிரவீலியா, முள்முருங்கை, செம்மயிற்கொன்றை, வாகை வகைகள், டூனா ஆகிய அனைத்தும் மாற்றிலை மரங்கள். எதிரிலை என்று உறுதியானவுடன் இத்தனையும் ஒரே வீச்சில் விலகிவிடுகின்றன. பூ ஒன்றுகூட இல்லாமல் இந்த இடத்துக்கு வந்துவிடலாம்.

5. சிற்றிலைகளை நெருங்கிப் பாருங்கள்

ஓர் இலையில் பொதுவாக 9 முதல் 15 சிற்றிலைகள் இருக்கும். சற்றுக் கூடலாம், குறையலாம். நுனியில் ஒற்றைச் சிற்றிலை இருப்பதால் எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே வரும். இரட்டைப்படையாக வந்தால் நுனிச் சிற்றிலை உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்து, வேறொரு முழு இலையை எடுத்து எண்ணுங்கள்.

சிற்றிலையின் ஓரம் பல் இல்லாமல் நேராக இருக்கும். இது முக்கியம். நரம்புகள் மேற்பரப்பில் பள்ளமாகவும் அடியில் புடைத்தும் தெரியும். அடிப்புறத்தை, குறிப்பாக இளம் இலையில், விரலால் தடவினால் மென்மயிர் தெரியும்.

இனி உருப்பெருக்கியை எடுங்கள். சிற்றிலையின் அடியில், நடுக்காம்பை நெருங்கும் இடத்தில், சிறிய தடித்த சுரப்பிப் புடைப்புகள் இருக்கும். பெரும்பாலானோர் பார்க்காமல் விடும் அடையாளம் இது. இளமரத்தை இனங்காண்பதில் எனக்கு மிகவும் துணைசெய்தது இதுதான். எதிரிலை, ஒற்றைப்படைச் சிற்றிலை, பல்லில்லாத ஓரம், அடியில் புடைப்பு ஆகிய நான்கும் ஒரே கிளையில் சேர்ந்திருந்தால் ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டோம்.

ஒரு சாண் உயரத்துக்கும் குறைவான நாற்றில் இவற்றைத் தேடாதீர்கள். அதில் கூட்டிலை முழுமையாக உருவாகியிருக்காது. சற்று வளரவிட்டுப் பாருங்கள், அல்லது அருகில் தாய்மரம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

6. மொட்டும் புல்லியும்

பூவை விட மொட்டே நம்பகமானது. கிளையின் நுனியில், தலைக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் கொத்தில், மொட்டுகள் நெருங்கி இருக்கும். ஒவ்வொன்றும் உள்நோக்கி வளைந்து, பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்தில் மென்மயிரோடு இருக்கும். வெளிவட்ட மொட்டுகள் முதலில் மலர, நடுவிலுள்ளவை காத்திருக்கும். அதனால் பூவும் மொட்டும் பல நாட்களுக்கு ஒரே கொத்தில் கிடைக்கும்.

மொட்டை நசுக்கினால் உள்ளிருந்து நீர் பீறிட்டு அடிக்கும். தோட்டப் பிள்ளைகள் இதை வைத்து விளையாடுவது தெரிந்ததே. இது நல்ல சோதனை, ஆனால் முற்றிய மொட்டில் மட்டும் செய்யுங்கள். இளமொட்டில் நீர் குறைவு. அந்த நீர் துணியில் கறை விடும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூ மலரும்போது, மொட்டை மூடியிருந்த வெளியுறையான புல்லி ஒரு பக்கமாக மட்டும் கிழிந்து, மடல் போலப் பின்னோக்கி நிற்கும். ஐந்து தனித்தனி இதழ்களாகப் பிரியாது. சந்தேகம் எழுந்தால் உதிர்ந்து கிடக்கும் ஒரு புல்லியை எடுத்துக் கிழிவு எத்தனை பக்கம் என்று பாருங்கள். ஒரே பக்கம் என்றால் இந்தக் கேள்வி முடிந்தது.

7. பூ

இங்கே அதிகம் தங்க வேண்டியதில்லை. அகன்ற கிண்ணமாக விரியும் ஐந்து மடல்கள், சுமார் பத்து சென்ரிமீற்றர் நீளம், சிவந்த செம்மஞ்சள் நிறம், மடல் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கரை, உள்ளே நான்கு மகரந்தத் தாள்கள்.

மஞ்சளாகவே பூக்கும் மரங்களும் இருக்கின்றன. நிறத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் அவற்றை வேறு இனம் என்று ஒதுக்கிவிடுவார்கள். மூன்று முதல் ஆறு வரையான படிகள் பொருந்தினால் நிறம் எதுவானாலும் மரம் ஒன்றுதான்.

8. காயும் விதையும்

காய் கிளை நுனியில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். 15 முதல் 25 சென்ரிமீற்றர் நீளம், இரு முனையும் கூர்மை. முற்றிக் கறுத்ததும் ஒரு பக்கமாக வெடித்து, விரித்த தோணி போல ஆகும். வெடித்த ஓடுகள் நெடுநாள் மரத்தடியில் கிடக்கும் என்பதால், பூவும் மொட்டும் இல்லாத காலத்தில் தரையைத் தேடுங்கள்.

விதை மிக மெல்லியது. நடுவில் சிறு விதை, சுற்றிலும் ஒளி ஊடுருவும் தாள் போன்ற இறகு. ஒரு காயில் ஏறக்குறைய 500 விதைகள் வரை இருக்கும். காற்று இவற்றைச் சரிவுகளின் மேல் ஏற்றிக்கொண்டு போவதால்தான், யாரும் நடாத இடத்தில் மரம் எழும்புகிறது.

இந்த விதையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. சிங்கள வைத்தியத்தில் தொட்டில என்று வழங்கும் உள்நாட்டு மருந்து மரம் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் விதைக்கும் தாள் போன்ற இறகு உண்டு. ஆனால் தொட்டிலவின் காய் வாள் வடிவில் மிக நீண்டு கீழ்நோக்கித் தொங்கும். இலையும் இரண்டு மூன்று தரம் கிளைத்த பெரிய கூட்டிலை. காய் நிமிர்ந்து நிற்கிறதா, தொங்குகிறதா என்று பார்த்தால் போதும்.

9. அடிமரமும் வேரும்

பட்டை இளமரத்தில் வெளிறிய சாம்பல் நிறமாக இருந்து, வயதானதும் சொரசொரப்பாகும். பட்டையை மட்டும் வைத்து மலையகத்தில் எந்த மரத்தையும் சொல்வது கடினம். பாசி படர்ந்தால் எல்லாம் ஒன்றே.

வேரைக் கவனியுங்கள். தாய்மரத்தைச் சுற்றி ஒரே வகை இளங்கன்றுகள் எழும்பியிருந்தால், ஒன்றை மண்ணோடு மெதுவாக விலக்கிப் பாருங்கள். கீழே தடித்த குறுக்கு வேர் ஓடினால் அது விதையில் முளைத்ததல்ல, வேரிலிருந்து எழுந்த தளிர். முன்பு வெட்டப்பட்ட அடிக்கட்டை அருகில் இருந்தால் அதிலும் தளிர்க் கொத்து இருக்கும். வேகமாக வளர்ந்த இத்தகைய தளிரில் இலைகள் வழக்கத்தை விடப் பெரிதாக இருக்கும். அளவைக் கண்டு வேறு மரம் என்று எண்ணிவிடாதீர்கள்.

10. ஏமாற்றும் மரங்கள்

முதலில் சொல்ல வேண்டியது ரோடோடென்ட்ரன். ஹோர்ட்டன் சமவெளியிலும் நுவரெலியா உயரத்திலும் சிவந்த பூக் கொத்துகளோடு நிற்கும் இம்மரம் இலங்கைக்கு உரியது. ஆக்கிரமிப்பு மரம் என்று தவறாக எண்ணி இதன் கிளையை ஒடிப்பது பெரும் அநியாயம். இதன் இலை தனியிலை: தடித்து, தோல் போன்று, அடிப்புறம் மயிரடர்ந்து, கிளை நுனியில் கொத்தாக இருக்கும். கூட்டிலை இல்லை என்று கண்டவுடன் கையை எடுத்துவிடுங்கள். தேசியப் பூங்காவுக்குள் எந்தத் தாவரத்தையும் பறிக்கக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

முள்முருங்கை, இலை உதிர்த்துவிட்டுச் சிவப்பாகப் பூக்கும்போது தூரத்தில் குழப்பும். கிட்டப் போய், எஞ்சியிருக்கும் இலையைப் பார்த்தால் மூன்று சிற்றிலைகள் மட்டுமே. முள்ளை நம்பாதீர்கள், முள் தென்படாத கிளைகளும் உண்டு.

கிரவீலியாவின் செம்மஞ்சள் பூ சீப்புப் பற்கள் போல ஒருபக்கமாக வரிசைப்பட்டிருக்கும், இலையின் அடிப்புறம் வெள்ளி நிறம். தேயிலை மலையில் சீரான இடைவெளியில் நடப்பட்டிருந்தால் பெரும்பாலும் இதுவே. செம்மயிற்கொன்றையின் சிற்றிலைகள் நகத்தை விடச் சிறியவை, இலை இருதரம் கிளைத்தது.

ஜக்கரண்டா எதிரிலை மரம்தான், ஆகவே நான்காம் படி இதை விலக்காது. ஆனால் அதன் இலை இருதரம் கிளைத்து மிக நுண்ணிய சிற்றிலைகளைக் கொண்டது, காய் தட்டையான வட்டம். இளஞ்சிவப்பாகப் பூக்கும் ரொபரோசியா மரமும் எதிரிலை, அதன் சிற்றிலைகள் ஒரே புள்ளியிலிருந்து விரல்களாக விரியும். மஞ்சள் மணிப்பூக்கள் பூக்கும் டெக்கோமா எதிரிலையும் இறகு வடிவமும் கொண்டது என்பதால் மஞ்சள் வகைத் துலிப்போடு குழம்பும். அதன் சிற்றிலை ஓரத்தில் பற்கள் உண்டு, உருவமும் சிறியது.

11. பதிவும் உறுதிப்படுத்தலும்

படம் எடுக்கும் ஒழுங்கு: முழு மரம், கிளையும் கணுவும், முழு இலை அடிக்கோலோடு, சிற்றிலையின் அடிப்புறம், மொட்டுக் கொத்து, பூ, காய். பூவின் நெருக்கப் படங்களை மட்டும் அடுக்கிக்கொண்டு வருகிறவர்கள் மறுபடியும் மலை ஏற வேண்டியிருக்கும். கைப்பேசிச் செயலி சொல்லும் பெயரை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், முடிவாக அல்ல. அது பெரும்பாலும் பூவின் படத்தையே பார்க்கிறது. நாம் தவிர்க்க முயலும் பிழையும் அதுவே.

இடம், நாள், ஏறத்தாழ உயரம், ஓடைக்கு எவ்வளவு அருகில் என்பவற்றை அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதும் குறிப்பு நம்பத்தகாதது.

இன்னும் ஐயம் இருந்தால் உலர்த்திய கிளையைப் பேராதனைத் தாவரவியல் பூங்கா வளாகத்திலுள்ள தேசிய ஹெர்பேரியத்தில் காட்டலாம். உலர்த்திய தாவர மாதிரிகளைப் பாதுகாக்கும் இடம் அது. மாதிரியில் குறைந்தது இரண்டு கணுக்களும் முழு இலைகளும் இருக்க வேண்டும். மொட்டோ காயோ இருந்தால் மிக நல்லது.

12. உறுதியான பிறகு

கத்தியை உடனே எடுக்க வேண்டாம். அடியோடு வெட்டிவிட்டுப் போனால் அடிக்கட்டையிலும் வேரிலும் தளிர்கள் எழும். ஒரு மரம் நின்ற இடத்தில் புதர் நிற்கும். வெட்டிய பச்சைக் கிளைகளை ஈரமண்ணில் போட்டாலும் வேர்விடும். வேலிக் கம்பாக நட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சிறு கன்றுகளை மழைக்குப் பின் மண் நெகிழ்ந்திருக்கும்போது வேரோடு பிடுங்கலாம். காய்ந்த மண்ணில் இழுத்தால் வேர் அறுந்து உள்ளே தங்கிவிடும். எட்டக்கூடிய காய்களை வெடிப்பதற்கு முன்பே அகற்றுங்கள்.

பெரிய மரம் என்றால் தனியாக முடிவெடுக்காதீர்கள். தோட்டத்து மரம் தோட்ட நிர்வாகத்துக்கு உரியது. அரச காணியிலோ, ஓடைக் கரையோரம் ஒதுக்கிவைக்கப்பட்ட நிலத்திலோ நின்றால் கிராம சேவகர் மூலம் பிரதேச செயலகத்தில் பேச வேண்டும். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புக்கு) மேலுள்ள செங்குத்துச் சரிவில் நிற்கும் மரத்தின் வேர், மண்ணையும் பிடித்துக்கொண்டிருக்கலாம். அத்தகைய இடத்தில் மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அலுவலர்களைக் கேட்காமல் வேரைத் தோண்ட வேண்டாம். அகற்ற அனுமதி கிடைத்தால், வேலை தொடங்கும் முன்பே அந்த இடத்தில் நடுவதற்கு உள்நாட்டு மரக்கன்றுகளைத் தயார்செய்து வையுங்கள். வெயில் விழும் வெறும் மண்ணில் முதலில் முளைப்பது அதே மரத்தின் விதைகள்தான். பிறகு தளிர்களை அகற்ற மாதந்தோறும் ஒருவர் அங்கே போய்வர வேண்டும். அவர் யார் என்பதையும் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.